விசில் அடிக்கும் கார் ஆம்ப்: ஐசோலேட்டரா, ஃபில்டரா, எர்த் ஒயரா?

காரில் தனியாக ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வைத்த பலருக்கும் பழகிய சத்தம் இது. வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது ‘ஙீ…’ என்று மெல்லிசாக ஒரு விசில். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதன் சுருதியும் கூடவே ஏறும். பாட்டு ஓடும்போது அமுங்கிவிடும், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் மறுபடி தலைகாட்டும். கடையில் போய்ச் சொன்னால், “அண்ணே, ஒரு ஐசோலேட்டர் போட்டுவிட்டா சரியாயிடும்” என்பார்கள். அடுத்த கடையில் பவர் ஒயரில் மாட்டும் ஃபில்டரை எடுத்து நீட்டுவார்கள். மூன்றாவது வழி ஒன்று உண்டு: டிக்கியில் இருக்கும் ஆம்பின் எர்த்தைக் கழற்றி, ஒழுங்காகத் திரும்ப மாட்டுவது. அதை யாரும் முதலில் சொல்வதில்லை. விற்க அதில் பொருள் இல்லை, கூலி மட்டும்தான்.

என் ஓட்டு பெரும்பாலும் மூன்றாவதற்கே. ஆனால் மற்ற இரண்டும் ஏமாற்று வேலை அல்ல. தனக்கு உரிய கோளாறில் ஒவ்வொன்றும் நன்றாகவே வேலை செய்யும். கோளாறு எதுவென்று பார்க்காமல் மாட்டுவதில்தான் காசு வீணாகிறது.

முதலில் சத்தத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் அது ஆல்டர்னேட்டர் விசில். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். எஞ்சினை அணைத்த பிறகும் ‘ஸ்ஸ்’ என்று ஒரே மாதிரி இரைந்தால் ஆம்பின் கெய்ன் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அளவுக்கு மீறித் திருப்பப்பட்டிருக்கிறது. செட்டை, அதாவது டேஷ்போர்டில் உள்ள மியூசிக் பிளேயரை, ஆன், ஆஃப் செய்யும்போது மட்டும் ‘டொப்’ என்றால் ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் ஒயரைப் பாருங்கள். இவற்றுக்கு ஐசோலேட்டரும் உதவாது, ஃபில்டரும் உதவாது.

ஆல்டர்னேட்டர் ஏன் விசிலாகக் கேட்கிறது? அது உற்பத்தி செய்வது மூன்று ஃபேஸ் மின்சாரம். ஆறு டயோடுகள் அதை ஒருதிசை மின்சாரமாக மாற்றுகின்றன. ஆனால் முழுக்க வழுவழுப்பாக அல்ல; மின்சாரத்தின் ஒவ்வொரு அலைச் சுழற்சிக்கும் ஆறு சிறு மேடுகள் மிஞ்சும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐடிலிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று, புல்லி விகிதம் 2.5 என்றால் ஆல்டர்னேட்டர் 2000 சுற்று, அதாவது நொடிக்கு 33. பன்னிரண்டு துருவ, அதாவது ஆறு ஜோடி துருவ ரோட்டராக இருந்தால் 200 ஹெர்ட்ஸ். அதில் ஆறு மேடுகள் என்றால் 1200 ஹெர்ட்ஸ். எஞ்சினை 2400-க்கு ஏற்றினால் 3600 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம் அதுதான். அதனால்தான் மிகச் சிறிய அளவு கலந்தாலும் உறுத்துகிறது. செட்டிலிருந்து ஆம்புக்குப் போகும் சிக்னல் 2 வோல்ட் என்றால், அதில் வெறும் 2 மில்லிவோல்ட் விசில் கலந்தாலே அது சிக்னலைவிட 60 டெசிபல் கீழேதான் இருக்கிறது. அமைதியான காருக்குள் அது கேட்கும்.

இந்த மேடுகள் பாட்டுக்குள் நுழைய இரண்டு முக்கிய வழிகள். ஒன்று, செட்டின் எர்த் டேஷ்போர்டில் ஓரிடத்தில், ஆம்பின் எர்த் டிக்கியில் வேறிடத்தில். இரண்டும் பாடிதான், ஆனால் இரண்டு புள்ளிக்கும் இடையில் சிறு வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம், செட்டிலிருந்து ஆம்புக்குச் சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. கேபிளின் வெளி உறை வழியாக ஓடப் பார்க்கும். எர்த் லூப் என்பது இதுதான். இரண்டாவது, செட்டுக்கு வரும் பவர் ஒயரிலேயே மேடுகள் ஏறி வந்து, செட்டின் உள்ளே சிக்னலில் கலப்பது. முதல் வழிக்கு மருந்து எர்த் ஒயரும் ஐசோலேட்டரும். இரண்டாவதற்கு மருந்து ஃபில்டர். மருந்தை மாற்றிக் கொடுத்தால் விசில் அசையாது.

எந்த வழி என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. ஆம்ப் வழியாகப் போகாமல் செட்டிலிருந்து நேராக ஓடும் கதவு ஸ்பீக்கர் இருந்தால், அதில் காதை வையுங்கள். அதிலும் விசில் கேட்டால் செட்டே அழுக்கு பவரைக் குடிக்கிறது. ஃபில்டர் பக்கம் போகலாம். கதவு ஸ்பீக்கர் சுத்தமாக இருந்து, ஆம்ப் ஓட்டும் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டால் பிரச்சினை செட்டுக்கும் ஆம்புக்கும் இடையில்.

அடுத்து, ஆம்பின் ஆர்.சி.ஏ. கேபிளைக் கழற்றிவிட்டு, நடு முனையும் வெளி உறையும் சேர்த்து இணைத்த ஷார்ட்டிங் பிளக்கை அந்த இடத்தில் சொருகலாம். பழைய ஆர்.சி.ஏ. பிளக்கில் ஒரு துண்டு கம்பியைப் பற்றவைத்தாலே போதும். பிறகும் விசில் இருந்தால் கோளாறு ஆம்பிலோ அதன் பவர் இணைப்பிலோ. நின்றுவிட்டால்? இங்கேதான் பல பேர் அவசரப்படுகிறார்கள். “பார்த்தீங்களா, ஆம்ப் பக்கம் எல்லாம் சரி, செட்டுதான் கெட்டது” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆர்.சி.ஏ.-வைக் கழற்றிய உடனே லூப்பே அறுந்துவிடுகிறது. ஆம்பின் எர்த் எவ்வளவு மோசமாக இருந்தாலும் விசில் நிற்கத்தான் செய்யும். எனவே அந்த எர்த் நல்லது என்று இந்தச் சோதனை ஒருபோதும் நிரூபிக்காது.

அதை மல்டிமீட்டர்தான் சொல்லும். எஞ்சின் ஓட, பாட்டு நல்ல சத்தத்தில் ஓட, ஒரு ப்ரோபை ஆம்பின் எர்த் முனையிலும் மற்றதைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். டிசி வோல்டேஜ் 0.1-க்குள் இருந்தால் நிம்மதி. 0.5-ஐத் தொட்டால் அந்த இணைப்பைப் பிரிக்க வேண்டியதுதான். 0.02 ஓம் என்பது ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். 30 ஆம்பியர் இழுக்கும் ஆம்பில் அதுவே 0.6 வோல்ட். பெயின்ட் சுரண்டாமல் முறுக்கிய ஒரு போல்ட் இவ்வளவு தடையைத் தாராளமாகக் கொடுக்கும்.

எர்த்தைத் திருத்தும் வேலை என்ன கேட்கும்? உப்புத்தாள், நல்ல லக் (ஒயர் முனையில் மாட்டும் வளையம்), நட்சத்திர வாஷர், அரை மணி நேரம். பெயின்டைத் தகரம் பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். மாட்டிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸோ பெயின்டோ பூசாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் துரு பிடித்துப் பழைய கதை திரும்பும். ஒயர் அரை மீட்டருக்குள், பவர் ஒயரின் அதே தடிமனில். சீட் பெல்ட் போல்ட் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்று அதில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து தொடாதீர்கள், அது உயிர் காக்கும் போல்ட். இன்னொன்று, கிட்டில் வரும் தடிமனான ஒயரெல்லாம் செம்பு இல்லை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது நிறைய வருகிறது. அதே தடிமனில் அது செம்பின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் மின்சாரம் கடத்தும். முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரிந்துவிடும்.

புது வண்டிகளில் ஒரு எச்சரிக்கை. பேட்டரி நெகட்டிவ் முனையில் குட்டிப் பெட்டி போல சென்சார் இருந்தால், எர்த் ஒயரை நேராக அந்த முனையில் பூட்டக்கூடாது. ஆம்ப் இழுக்கும் மின்சாரம் சென்சாரின் கணக்கில் வராமல் போகும். பாடி பக்கத்தில்தான் மாட்ட வேண்டும்.

இப்போது ஐசோலேட்டர். செட்டுக்கும் ஆம்புக்கும் இடையில், ஆர்.சி.ஏ. கேபிளில் மாட்டுவது இது. உள்ளே இருப்பது சானலுக்கு ஒன்றாக இரண்டு சிறிய ட்ரான்ஸ்ஃபார்மர்கள். சிக்னல் காந்தப்புலமாகக் கடந்துபோகும், உறை வழி மின்சாரம் கடக்க முடியாது, லூப் அறுந்துவிடும். சில நூறு ரூபாய், ஐந்து நிமிட வேலை, கருவி எதுவும் வேண்டாம். இதன் விலை வேறிடத்தில் கழிகிறது: பேஸில். சிறிய இரும்புக் கருவால் தாழ்ந்த அதிர்வெண்களைத் தாங்க முடியாது. 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்று சத்தம் குறையும், அல்லது சத்தம் ஏறும்போது கரகரக்கும். சப்வூஃபருக்காகவே ஆம்ப் வைத்தவருக்கு, தவிலைக் கொடுத்துவிட்டு நாதஸ்வரத்தை மட்டும் கேட்கச் சொல்வது போல இது. பெரிய கரு உள்ள தரமான ட்ரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. அவற்றின் விலையில் எர்த்தைப் பல முறை திருத்திவிடலாம்.

ஆனால் ஒரு இடத்தில் ஐசோலேட்டர்தான் ராஜா. தனி ஆம்பே இல்லாத வண்டி, ஃபோனை ஆக்ஸ் ஒயரில் செட்டோடு இணைத்துக்கொண்டு, அதே ஃபோனைச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜ் போட்டால் விசில் வருகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறது. சார்ஜர் வழி ஒரு எர்த், ஆக்ஸ் வழி இன்னொரு எர்த், லூப் முழுமையாகிவிட்டது. கம்பெனி ஒயரிங்கைப் பிரித்து எர்த் திருத்த முடியாது, திருத்தத் தேவையும் இல்லை. 3.5 மில்லிமீட்டர் ஐசோலேட்டர் ஒன்றை நடுவில் மாட்டினால் முடிந்தது. கதவு ஸ்பீக்கருக்கு அந்த பேஸ் இழப்பு பெரும்பாலும் தெரியாது. செட்டில் புளூடூத் இருந்தால் அந்தச் செலவும் வேண்டாம்.

பவர் ஃபில்டரைப் பற்றி அவ்வளவு சொல்ல ஒன்றுமில்லை. ஒரு காயிலும் கெபாசிட்டரும் சேர்ந்தது. செட்டின் பவர் ஒயரில் மாட்ட 10 ஆம்பியர் தாங்குவது போதும். டிக்கியில் 60 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட ஆம்பின் ஒயரில் அதையே மாட்டினால் சூடாகி உருகும். மேலே சொன்ன கதவு ஸ்பீக்கர் சோதனையில் தோற்ற செட்டுக்கு மட்டும் இது பொருந்தும். ஒரு ஃபாரட் கெபாசிட்டரையும் விசிலுக்கு மருந்தாகச் சிலர் விற்கிறார்கள். நீல விளக்கு எரிய அழகாக இருக்கும், அவ்வளவுதான். எர்த் லூப்பை அது தொடவே தொடாது.

மூன்றில் எதற்கும் அடங்காத விசில்களும் உண்டு. ஆர்.சி.ஏ. கேபிள் பவர் ஒயரோடு ஒரே பக்கமாக ஓடுகிறதா என்று பார்க்க, தரை விரிப்பைக் கிளப்ப வேண்டாம். வேறொரு கேபிளை சீட்டுகளின் மேலே போட்டு இணைத்துக் கேளுங்கள். சத்தம் போய்விட்டால் பழைய கேபிளை மறுபக்கம் மாற்றுங்கள். குறுக்கே கடந்தாக வேண்டிய இடத்தில் செங்கோணமாகக் கடக்கட்டும். செட்டின் ஆர்.சி.ஏ. உறையிலிருந்து செட்டின் தகர உடம்புக்கு ஒரு துண்டு ஒயரைத் தொட்டுப் பாருங்கள். விசில் சட்டென்று அடங்கினால் செட்டின் உள்ளே எர்த் பாதையிலுள்ள மெல்லிய ஃபியூஸ் எரிந்திருக்கிறது. ஆம்பின் எர்த் கழன்றபோது, அல்லது பவர் ஓடும்போதே ஆர்.சி.ஏ.-வைப் பிடுங்கி மாட்டியபோது நடக்கும் கோளாறு அது. செட்டைப் பிரித்துப் பற்றவைப்பதுதான் முறை. அந்தத் துண்டு ஒயரை அப்படியே நிரந்தரமாக விட்டுவைத்தும் பலர் ஓட்டுகிறார்கள்.

எர்த் சரி, கேபிள் சரி, செட் சரி, இன்னும் விசில் என்றால் ஆல்டர்னேட்டரையே சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, பேட்டரி முனைகளில் மீட்டரை ஏசி வோல்டேஜில் வைத்து அளந்து பாருங்கள். 0.1-க்குள் இருப்பது நல்லது; 0.5-ஐத் தாண்டினால் டயோடு ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு அந்த மலிவு மஞ்சள் மீட்டர் ஆகாது. அதன் மிகக் குறைந்த ஏசி ரேஞ்சே 200 வோல்ட். பேட்டரியின் டிசியையும் ஏசி என்று நினைத்து 30 வோல்ட் போல எதையோ காட்டும், ப்ரோபை மாற்றி வைத்தால் பூஜ்யம் காட்டும். சென்னை ரிட்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் வாங்கும்போது ஏசி மில்லிவோல்ட் அளக்கும் மீட்டரா என்று கேட்டு வாங்குங்கள். டயோடு போனது உறுதியானால், ஐசோலேட்டருக்கு வைத்திருந்த பணத்தை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். விசிலோடு பேட்டரி இரவில் இறங்குகிற தொல்லையும் அங்கேயே தீர்ந்துவிடலாம்.