அக்டோபர் மாசத்துக்கு ஏத்த ஸ்கோர் ஆப், ஆனா பாதிதான்

பேஸ்பால் ப்ளேஆஃப்ஸும் என்எஃப்எல்லும் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) ஒண்ணா ஓடுற அக்டோபர்ல எதைப் பாக்குறது எதை விடுறதுன்னே தெரியாது, அதுக்காகத்தான் இந்த ஸ்கோர் ஆப்பை போட்டேன், பேஸ்பால் பக்கம் சூப்பர், போடுற ஒவ்வொரு பந்தும் உடனுக்குடன் வந்துடுது. 2025 வேர்ல்ட் சீரிஸ், அதாவது டாட்ஜர்ஸும் டொரொன்டோவும் மோதுன பேஸ்பால் ஃபைனல், அதுல மூணாவது மேட்ச் வழக்கமான 9 இன்னிங்ஸ் பத்தாம 18 வரைக்கும் இழுத்துச்சுல்ல, டாட்ஜர்ஸோட ஃப்ரெடி ஃப்ரீமேன் ஹோம் ரன் அடிச்சு முடிக்கிற வரைக்கும் எங்கயும் தொங்கல. ஏழாவது மேட்ச்ல இன்னும் கூத்து, ஒன்பதாவது இன்னிங்ஸ்ல டொரொன்டோ 4-3ன்னு முன்னாடி, ஜெயிக்கிற சான்ஸ் மீட்டர் கப்பையே அவங்க கையில குடுக்காத குறைதான், டாட்ஜர்ஸோட மிகுவேல் ரோஹாஸ் அடிச்ச ஒரே ஹோம் ரன்ல ஸ்கோர் சமமாகி எல்லாம் தலைகீழ் (இதுக்குத்தான்யா பேஸ்பால் பாக்குறதே). கடைசில 11வது இன்னிங்ஸ்ல டாட்ஜர்ஸ் 5-4.

என்எஃப்எல் பக்கம் யாரு ஜெயிப்பாங்கன்னு ஆப் சொல்ற கணிப்புதான் மொக்கை. டீமோட ஆட்டத்தையே நடத்துற க்வார்ட்டர்பேக் அடிபட்டு வெளிய உக்காந்திருக்கான், அப்பவும் அந்த டீம்தான் ஜெயிக்கும்னு அடம் புடிக்குது, சீசனுக்கே ஒரு டீமுக்கு 17 மேட்ச்தான், அதுல இப்படியா? சூப்பர் பவுல்ல, அதான் என்எஃப்எல் ஃபைனல்ல, 28-3ன்னு முன்னாடி இருந்த அட்லாண்டாவே தோத்த ஆட்டம்யா இது. ஸ்கோருக்கு தாராளமா போடுங்க, கணிப்புக்குன்னு தனியா காசு கட்டாதீங்க.