ஒரே பெட்டியா, தனித்தனி சாமானா? வீடியோ வகுப்பறைக்கு நாங்கள் எடுத்த முடிவு

குடியாத்தத்தில் ஒரு பள்ளி, பேர்ணாம்பட்டில் ஒரு பள்ளி. இரண்டுக்கும் ஒரே நிர்வாகம், ஒரே கெமிஸ்ட்ரி டீச்சர். அவர் குடியாத்தத்தில் பாடம் எடுக்க, பேர்ணாம்பட்டுப் பிள்ளைகள் திரையில் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். அதற்காக இரண்டு ஊரிலும் ஒவ்வொரு வகுப்பறையைத் தயார் செய்யும் பொறுப்பு போன வருஷம் என் தலையில் விழுந்தது. நான் கணக்கு வாத்தியார், வயர் இழுப்பவன் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

வேலூரில் விலை விசாரித்தபோது இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று ‘வீடியோ பார்’ (video bar) என்ற சாதனம். கேமரா, மைக், ஸ்பீக்கர் மூன்றும் ஒரே நீளப் பெட்டிக்குள் இருக்கும். டிவிக்குக் கீழே மாட்டி, லேப்டாப்பில் ஒரு யூஎஸ்பி வயரைச் செருகினால் வேலை முடிந்தது. இன்னொன்றில் எல்லாமே தனித்தனி: கேமரா, டீச்சருக்குக் காலர் மைக், பிள்ளைகளுக்கு இரண்டு வயர்லெஸ் கை மைக், ஒலிகளைச் சேர்த்து அனுப்பும் சின்ன மிக்ஸர், சுவர் ஸ்பீக்கர். நாங்கள் இரண்டாவதை வாங்கினோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

படத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விலையும் கிட்டத்தட்டச் சமம்தான். பார்வைக்கு பார் லட்சணமாக இருக்கும். எங்கள் அறை திருவிழா மைக் செட் போட்ட மாதிரி இருக்கிறது.

வித்தியாசம் தெரிவது சத்தத்தில். எங்கள் அறை முப்பது அடி நீளம், மேலே ஆறு ஃபேன். மார்ச் பிறந்தாலே வேலூர்ப் பக்கம் வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபேனை நிறுத்தச் சொன்னால் பிள்ளைகள் மயங்கி விழுந்துவிடுவார்கள். நேராக வரும் குரல், தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். முன்சுவரில் இருக்கும் பாருக்குக் கடைசி பெஞ்சுப் பிள்ளையின் குரல் ஃபேன் காற்றோடு சேர்ந்துதான் போகும். இரைச்சலை வடிகட்டும் மென்பொருள் அந்த மெல்லிய குரலையும் சேர்த்து வழித்துவிடுகிறது. டெமோவில் பேர்ணாம்பட்டுக்காரர்களுக்குக் கேட்டது முதல் இரண்டு பெஞ்சு மட்டும்தான். கை மைக் வாயிலிருந்து நாலு விரற்கடை தள்ளி இருக்கிறது. ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் கவலை இல்லை. மைக் கைமாற நேரம் பிடிக்கும், உண்மைதான். முதல் வாரம் யாரும் மைக்கைத் தொடவே கூச்சப்பட்டார்கள். மூன்றாம் வாரம் இடைவேளையில் பாட்டுப் பாடுகிறார்கள் என்று புகார் வந்தது.

ஆனாலும் என்னை முடிவெடுக்க வைத்தது சத்தம் இல்லை, ரிப்பேர். வேலூரில் நண்பர் ஒருவர் வேலை பார்க்கும் கல்லூரியில் பாரின் மைக் மட்டும் செத்துப்போனது. கேமராவுக்கும் ஸ்பீக்கருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பிரித்துப் பார்க்க உள்ளூரில் ஆள் கிடையாது. பெட்டியையே கழற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். திரும்பி வர ஏழு வாரம். அதுவரை ஒரு செல்போனை முக்காலியில் நிறுத்தி வகுப்பு ஓடியது. ஒரு உறுப்பு போனால் மூன்றும் ஊரைவிட்டுப் போகும் என்பது அப்போதுதான் உறைத்தது.

எங்கள் கை மைக் ஒன்று ஜூலையில் கீழே விழுந்து சுவிட்ச் உடைந்தது. கல்யாணத்துக்கு மைக் செட் வாடகைக்கு விடும் கடையில் மதியம் கொடுத்தேன், சாயங்காலம் வந்துவிட்டது. மிக்ஸரில் ஃபியூஸ் போனபோதும் அந்தக் கடைக்காரரேதான். கேமரா மக்கர் பண்ணிய ஒரு நாள் ஆபீஸ் வெப்கேமைச் செருகிச் சமாளித்தோம். மைக்குக்குள் போடும் பேட்டரி செல்லைத் தினமும் சார்ஜில் போட ஒரு பிள்ளையை லீடராகப் போட்டிருக்கிறேன். அவள் லீவு போட்டால் எங்கள் மைக்கும் லீவு.

தனித்தனிச் சாமானில் ஒரு பெரிய தலைவலி உண்டு, மறைக்கமாட்டேன்: எதிரொலி. தன் ஸ்பீக்கரில் என்ன ஒலிக்கிறது என்று பாருக்குத் தெரியும். அதைக் கழித்துவிட்டுத்தான் அனுப்பும். எங்கள் மிக்ஸரில் லேப்டாப்பிலிருந்து வந்த குரல் மறுபடி லேப்டாப்புக்கே போய்க்கொண்டிருந்தது. பேர்ணாம்பட்டுப் பிள்ளைகள் தங்கள் குரலையே அரை நொடி தாமதமாகக் கேட்டுச் சிரித்தார்கள். இரண்டு வாரம் திண்டாடினோம். அந்தக் குரல் ஸ்பீக்கருக்கு மட்டும் போகும்படி, மிக்ஸரிலிருந்து லேப்டாப்புக்குத் திரும்பாதபடி வயரை மாற்றிய பிறகுதான் நின்றது. இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பள்ளி என்றால் பாரே மேல்.

சரி, எதை வாங்கினாலும் அறை சரியாக இருக்க வேண்டும். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர் என்றால் கை தட்டினாலே கணகணவென்று நீளும். வகுப்பறையில் அந்த அதிர்வு 0.6 நொடிக்குள் அடங்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். பின்சுவரில் கெட்டியான ஜமுக்காளங்களை மடிப்பு விட்டு, சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளித் தொங்கவிட்டோம். காதுக்கே வித்தியாசம் தெரிந்தது. அதற்கு முன் யாரோ சொன்னார்கள் என்று முட்டை அட்டை ஒட்டிப் பார்த்தது வீண். பிள்ளைகளுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலுக்குத் திரை போடாவிட்டால் முகம் கறுப்பாகத்தான் தெரியும். டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் கோடு ஓடினால், கேமரா செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸை 50 ஆக்குங்கள், நம் கரண்டு அதுதான். சாதா யூஎஸ்பி வயர் 5 மீட்டருக்கு மேல் நீண்டால் கேமரா விட்டு விட்டு வரும்.

அப்புறம், பின்சுவரில் டீச்சரின் கண் மட்டத்தில் இரண்டாவது டிவி ஒன்று, அதன் கீழேயே கேமரா. இது எங்கள் டீச்சரின் யோசனை. முன்னால் இருக்கும் திரையை மட்டும் நம்பினால், அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பார்க்க இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்ட வேண்டியிருக்கும். இப்போது ஒரே பார்வையில் இரண்டு வகுப்பும்.

கூரையில் பதிக்கும் மைக்கை ஒரு மணி நேர டெமோவில்தான் கேட்டிருக்கிறேன். ஏசி போட்டு மூடிய அறையில் அருமையாக இருந்தது; எங்கள் ஆறு ஃபேனுக்குக் கீழே கேட்டுப் பார்க்காமல் சிபாரிசு செய்யமாட்டேன். இப்போது தலைமையாசிரியர் அறைக்கும் ஒன்று வேண்டும் என்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒரு மேஜை, ஆறு நாற்காலி. அதற்கு பார்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.