சிலாயெவா பரேக்கா: இளம் டிஃபென்ஸ்மனில உயரத்தைப் பாக்கிறதா, கைவேலையைப் பாக்கிறதா

2024 ஜூன் கடைசியில லாஸ் வேகாஸில நடந்த என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்) ட்ராஃப்டில, அதாவது அணிகள் முறை வைச்சு இளம் ஆட்டக்காரரை எடுக்கிற நாளில, ஒன்பதாவதா கல்கரி ஸெய்ன் பரேக்கை எடுத்தவை, அதுக்கு அடுத்த பத்தாவதா நியூ ஜேர்சி அன்டன் சிலாயெவை எடுத்தவை. ரெண்டு பேரும் டிஃபென்ஸ்மன் (பின்னால நிண்டு காக்கிற ஆள்), ரெண்டு பேருக்கும் அப்ப 18 வயசு, ஒற்றுமை அதோட சரி. பரேக் 6 அடி, மெல்லிசான ஆள், சிலாயெவ் 6 அடி 7. அந்த செப்டெம்பர் எங்கட கீப்பர் பூலில (நிஜ ஆட்டக்காரரை எடுத்து அவை போடுற எண்ணிக்கையில நாங்கள் போட்டி போடுற விளையாட்டு) என்ர முறை வரேக்க இவை ரெண்டு பேரும் மிச்சமா இருந்தவை, எனக்கு அடுத்ததா எடுக்க இருந்தது அத்தான். நான் கன நேரம் மண்டையைப் போட்டு உடைச்சிட்டு பரேக்கை எடுத்தனான், அத்தான் யோசிக்கவே இல்லை, சிலாயெவ் எண்டு உடன சொன்னார். அண்டையில இருந்து எங்கட வீட்டில ஒரு பிறந்தநாள் சாப்பாடு கூட இந்த வாக்குவாதம் இல்லாமல் முடியேல்ல, அதால ஏன் அப்பிடி எடுத்தனான் எண்டதை ஒருக்கா ஒழுங்கா எழுதிப் போடுவம் எண்டு பாத்தன்.

முதலில ஒண்டு. எங்கட பூலில கோல், அசிஸ்ட் (கோலுக்குக் குடுத்த பாஸ்) மட்டும் இல்லை, ஹிட்டுக்கும் (எதிராளியை இடிக்கிறது) பிளாக் பண்ணுற ஷொட்டுக்கும் புள்ளி இருக்கு. அப்ப உயரமான ஆளுக்கும் இடம் இருக்கு, கண்ணை மூடிக்கொண்டு புள்ளி எடுக்கிறவனை எடுக்கிற விளையாட்டு இல்லை இது. எடுத்த ஆளை வருஷக்கணக்கில வைச்சிருக்கலாம், ஆனா வைச்சிருக்கிற ஒவ்வொரு வருஷமும் ஒரு இடம் அடைபடும்.

எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தைக் கெதியாச் சொல்லி முடிக்கிறன். உயரமான டிஃபென்ஸ்மனுக்கு ஸ்டிக் எட்டும், நெட்டுக்கு முன்னால நிக்கிறவனைத் தள்ளி எடுப்பான், ஒராள் குறைஞ்சு ஆடேக்க கோச் அவனைத்தான் முதலில அனுப்புவார். கைவேலைக்காரன் பவர் பிளே (எதிர் அணி ஒராள் குறைஞ்சு நிக்கிற நேரம்) ஓட்டுவான், கோல் வரும். பரேக் ட்ராஃப்டுக்கு முந்தின சீசனில சாகினோ ஜூனியர் அணிக்கு 66 மட்சில 33 கோல், கோலும் அசிஸ்டும் சேத்து 96 புள்ளி, டிஃபென்ஸ்மனாம்! அதே வருஷம் சாகினோ தங்கட ஊரிலயே மெமோரியல் கப் (ஜூனியர் அணிகளின்ர பெரிய கிண்ணம்) எடுத்தவை. சிலாயெவ் 17 வயசில ரஷ்யாவின்ர பெரிய லீக் கேஎச்எல்லில வளந்த ஆக்களோட 63 மட்ச் ஆடி 11 புள்ளி. இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்தில வைச்சுப் பாக்கிறதில அர்த்தமே இல்லை, ஒண்டு பெடியளோட ஆடினது, மற்றது தாடி வைச்ச ஆக்களோட ஆடினது. (அப்ப சிலாயெவ்ட கோச் இகோர் லாரியோனொவ், ஹோல் ஒஃப் ஃபேமில இருக்கிற ஆள், தான் ஆடின காலத்தில பெரிய உயரம் ஒண்டும் இல்லாமல் மூளையால ஆடினவர். அவர் ஒரு 17 வயசுப் பெடியனை நம்பி அத்தனை மட்ச் இறக்கினதே சிலாயெவுக்கு ஒரு பெரிய சாட்சி எண்டு நான் நினைக்கிறன்.)

இனித்தான் விஷயம். நான் இப்ப ஒரு இளம் டிஃபென்ஸ்மனைப் பாக்கேக்க உயரத்தையும் கோலையும் ரெண்டாவதா வைச்சிட்டு ஒண்டே ஒண்டைத்தான் முதலில பாக்கிறன்: எதிர் அணி பக்கை (அடிச்சு ஆடுற ரப்பர் வட்டை) இவன்ட மூலைக்கு அடிச்சு விட்டால் இவன் திரும்பி ஓடி அதை எப்பிடி எடுக்கிறான்? ஒரு மட்சில எத்தினையோ தரம் நடக்கிற வேலை இது. முதுகைக் காட்டிக்கொண்டு ஓடோணும், பின்னால ஒருத்தன் இடிக்க வாறான், பக் போர்டில (ஐஸைச் சுத்தி இருக்கிற சுவரில) பட்டு எந்தப் பக்கம் திரும்பும் எண்டு தெரியாது, தொட்ட உடன முதல் பாஸ் போகோணும். இதில பிழைச்சால் உன்ர கோல் எண்ணிக்கை என்னவா இருந்தாலும் கோச் உன்னை ஐஸில விடமாட்டார், ஐஸில இல்லாதவனுக்கு ஹிட்டும் இல்லை, புள்ளியும் இல்லை.

முந்தி இது இவ்வளவு பெரிய விஷயம் இல்லை. 2004-05 சீசன் லொக்கவுட்டில (ஒப்பந்தத் தகராறில முதலாளிமார் ஆட்டத்தை நிப்பாட்டினது) முழுசாப் போய், 2005 இல திரும்ப ஆடத் தொடங்கேக்க சட்டத்தை மாத்தினவை. அதுக்கு முன்னம் நீ பக் எடுக்க ஓடினால் உன்ர பார்ட்னர் வாறவனுக்குக் குறுக்க நிண்டு, கொஞ்சம் பிடிச்சு, இழுத்து உனக்கு நேரம் வாங்கித் தருவான், அதுக்குப் பிறகு அப்பிடிச் செய்தால் உடன விசில். இன்னொண்டு, கோலி (கோல் காக்கிறவன்) நெட்டுக்குப் பின்னால அந்த சரிவகக் கோட்டுக்கு வெளியில போய் பக்கைத் தொடக்கூடாது எண்டும் கொண்டு வந்தவை. அப்ப மூலைக்குப் போற பக்கை எடுக்க டிஃபென்ஸ்மனைத் தவிர வேற ஆள் இல்லை, அவனுக்குக் காவலும் இல்லை. சின்ன டிஃபென்ஸ்மன்மார் மேல வந்ததுக்குக் காரணம் ஹொக்கி மென்மையாப் போட்டுது எண்டு பழைய ஆக்கள் புலம்புவினம், நான் அப்பிடி நினைக்கேல்ல, இந்த மூலை வேலை கஷ்டமாப் போனதால அதை இடி வாங்காமல் செய்யத் தெரிஞ்சவனுக்கு விலை ஏறினது, அவ்வளவுதான்.

இதை நான் டிவியில விளங்கிக் கொள்ளேல்ல. ஒஷாவாவில ஜூனியர் மட்ச் பாக்கப் போகேக்க நானும் அத்தானும் மூலைப் பக்கமா, கிளாஸுக்குக் கிட்ட இருப்பம். ஒருநாள் ஒரு பெடியன், பேர் வேண்டாம், 6 அடி 5 இருப்பான், அந்த வருஷ ட்ராஃப்டுக்கு நிக்கிறவன், எங்களுக்கு நேர முன்னால பக் எடுக்க வந்தான். ஓடி வரேக்க கண் முழுக்க பக்கில, ஒருக்கா கூடத் தோளுக்கு மேலால திரும்பிப் பாக்கேல்ல. தொட்டான், டமார் எண்டு முகம் கிளாஸில, அவன்ட மூச்சு கிளாஸில பூத்ததைப் பாத்தனாங்கள். எழும்பி அடுத்த தரம் பயத்தில கண்ணை மூடிக்கொண்டு கிளாஸோட மேல தூக்கி அடிச்சான், பக் நேர எதிராளிட்ட. அடுத்த பீரியட் எங்கட மூலை மற்ற அணிக்கு வந்தது, அவையிட ஒரு சின்னப் பெடியன், அத்தானை விட ஒரு பிடி கூட வருவான், அவ்வளவுதான். அவன் பக்கிட்ட வர முன்னம் இடப்பக்கம் ஒருக்கா, வலப்பக்கம் ஒருக்கா, திரும்ப இடப்பக்கம், மூண்டு தரம் தோளுக்கு மேலால பாத்தான். பிறகு போர்ட் பக்கம் போறன் எண்டு இடுப்பைக் காட்டினான், இடிக்க வந்தவன் அதை நம்பி அங்கால பாய, இவன் இஞ்சால திரும்பி நடுவுக்குள்ள ஒரு பாஸ். இடிக்க வந்தவன் வெறும் போர்டை இடிச்சுப் போட்டு நிண்டான். நான் அத்தானைப் பாத்தன். அவர் சொன்னது, இங்க கோச்மார் எல்லாம் சொல்லுற அதே கதை, "உயரத்தைப் படிப்பிக்கேலாது தம்பி." நான் கேட்டன், "ஓம் அத்தான், ஆனா திரும்பிப் பாக்கிறதைப் பதினேழு வயசு மட்டும் ஏன் ஒருத்தரும் படிப்பிக்கேல்ல?" அதுக்குப் பதில் இல்லை, போய் கோப்பி வாங்கிக்கொண்டு வந்தார்.

அண்டையில இருந்து கையில போனை வைச்சுக் கொண்டு ஒவ்வொருத்தனும் எத்தினை தரம் திரும்பிப் பாக்கிறான் எண்டு எண்ணத் தொடங்கினனான். லேன் ஹட்சனை எடுங்கோ. 5 அடி 9, உயரத்துக்குப் பயந்து எல்லாரும் விட்டு 2022 இல 62 ஆவதா மொன்றியல் எடுத்தவை, தான் இன்னும் வளருவன் எண்டு டொக்டர்ட கடிதத்தையே அணிகளுக்குக் காட்டின பெடியன். 2024-25 இல 66 புள்ளி, கால்டர் ட்ரோஃபி (சிறந்த புதுமுகத்துக்கான விருது), 60 அசிஸ்ட் போட்டு லாரி மர்ஃபி 1980-81 இல வைச்ச புதுமுக டிஃபென்ஸ்மன் சாதனையைச் சமன் செய்தான். எல்லாரும் அவன்ட பாஸைப் பாக்கினம், நான் பாக்கிறது அவன் இடிபடாமல் மூலையால வெளியில வாற விதத்தை, அது இல்லாட்டி அந்தப் பாஸ் ஒண்டும் நடக்காது.

ஆனா கைவேலை எண்டால் எல்லாம் சரி எண்டு நான் சொல்ல வரேல்ல. 2018 ட்ராஃப்டில ஏழாவதா குவின் ஹியூஸ், எட்டாவதா அடம் போக்விஸ்ட். ரெண்டு பேரும் உயரம் குறைவு, ரெண்டு பேரும் தாக்குதலுக்குப் பேர் போனவை. ஹியூஸ் 2024 இல நொரிஸ் ட்ரோஃபி (சிறந்த டிஃபென்ஸ்மனுக்கான விருது) எடுத்தவர். போக்விஸ்ட் சிக்காகோவில இருந்து கொலம்பஸ், அங்க ஒப்பந்தத்தைக் காசு குடுத்து முடிச்சு அனுப்பினவை, பிறகு ஃப்ளோரிடா, பிறகு ஐலண்டர்ஸ். ட்ராஃப்ட் நாளில இவை ரெண்டு பேருக்கும் ஒரு இலக்கம்தான் வித்தியாசம். என்னைக் கேட்டால் ரெண்டு பேருக்கும் நடுவில இருக்கிறது அந்த மூலை வேலைதான், ஹியூஸ் முதல் மூண்டு எட்டிலயே இடிக்க வாறவனைக் கழட்டி விடுவார்.

இப்ப உயரத்தின்ர பக்கம். அத்தான் இதில விடாமல் சொல்லுற ஒரு நியாயம் இருக்கு: உயரமான ஆளை எவனும் வாங்குவான். ஒரு கதை சொல்லுறன். 2012 இல முதல் பத்தில எட்டுப் பேர் டிஃபென்ஸ்மன், அதில நாலாவதா ஐலண்டர்ஸ் எடுத்தது கிரிஃபின் ரைன்ஹார்ட், 6 அடி 4. மூண்டு வருஷம் கழிச்சு, என்எச்எல்லில எட்டே எட்டு மட்ச் ஆடின அந்த ஆளுக்கு எட்மண்டன் 16 ஆவது, 33 ஆவது எண்டு ரெண்டு பிக் (ட்ராஃப்டில ஆள் எடுக்கிற முறை) குடுத்தது, அந்த 16 ஆவதில ஐலண்டர்ஸ் எடுத்தது பிறகு நட்சத்திரமான மாத்யூ பார்ஸால்! ரைன்ஹார்ட் மொத்தம் 37 மட்சோட முடிஞ்சுது. விக்கத் தெரிஞ்சவனுக்கு உயரம் காசுதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா வாங்கினவன்ட பக்கத்தில நிண்டு பாருங்கோ. 2010 இலயும் அப்பிடித்தான், ரேஞ்சர்ஸ் பத்தாவதா 6 அடி 5 டிலன் மக்கில்ராத்தை எடுக்க, ரெண்டு இடம் தள்ளி 12 இல கம் ஃபௌலரை அனஹைம் எடுத்தது. ஃபௌலர் ஆயிரம் மட்ச் தாண்டிட்டார், மக்கில்ராத் நூறையும் தொடேல்ல.

உயரமான ஆளை வைச்சுப் பராமரிக்கிற செலவும் வேற. கை கால் நீளமா இருக்கிறவனுக்கு உடம்பு ஒரு ஒழுங்குக்கு வரக் காலம் எடுக்கும். ஸெடனோ சாரா, 6 அடி 9, 1996 இல 56 ஆவதா ஐலண்டர்ஸ் எடுத்த ஆள். 2001 இல யாஷின் எண்ட நட்சத்திர ஆட்டக்காரருக்காக அவரையும் ரெண்டாவது பிக்கையும் சேத்து ஒட்டாவாவுக்குக் குடுத்தவை, அந்தப் பிக்கில ஒட்டாவா எடுத்தது பிறகு பெரிய ஆளான ஜேசன் ஸ்பெட்சா. சாரா நொரிஸ் எடுத்தது 2009 இல, 32 வயசில. பொறுத்திருந்தவனுக்கு லாபம், ஆனா எங்கட பூலில பொறுக்கிறது எண்டால் ஒரு இடத்தை அத்தினை வருஷம் பூட்டி வைக்கிறது. என்னால ஏலாது.

சிலாயெவை நான் முழு மட்சா நாலு அஞ்சுதான் பாத்திருப்பன், மிச்சம் எல்லாம் துண்டுத் துண்டா, அதுவும் அங்கத்த ஐஸ் எல்லா இடத்திலயும் இங்கத்த அளவு இல்லை. பாத்த மட்டில அந்த உயரத்துக்கு அவன் நல்லா ஸ்கேட் பண்ணுறதைப் பாக்க எனக்கே கொஞ்சம் பயம், நான் பிழை விட்டிட்டனோ எண்டு. திரும்பிப் பாக்கவும் செய்யிறான். பக்கை எடுத்த பிறகு என்ன செய்யிறது எண்டதிலதான் எனக்குச் சந்தேகம், கன தரம் பாதுகாப்பா அடிச்சு விடுறான், கோச் சொல்லியும் இருக்கலாம். பரேக்கும் தங்கம் இல்லை. தன்ட பக்கத்தில நெட்டுக்கு முன்னால ஆளை விட்டிட்டு பக்கைப் பாத்துக்கொண்டு நிக்கிற பழக்கம் இருக்கு, ஜூனியரில அது பரவாயில்லை, கல்கரியில பரவாயில்லை எண்டு சொல்லமாட்டினம். இன்னொண்டையும் நேர்மையாச் சொல்லோணும். பெடியன் ரொறன்ரோவுக்கு வடக்க நோபிள்டனில வளந்தவன், தகப்பன் பக்கம் இந்திய வம்சாவளி, என்எச்எல்லில எங்கட நிறத்தில ஒரு முகம் பாக்கிறதே அருமை. நான் எடுக்கேக்க அதுவும் கொஞ்சம் உள்ளுக்குள்ள வேலை செய்தது, இல்லை எண்டு சொன்னால் பொய்.

ட்ராஃப்டுக்கு அடுத்த வருஷம் பரேக் திரும்பவும் சாகினோவில 61 மட்சில 107 புள்ளி. 2025 ஏப்ரல் 17, கல்கரிக்கு முதல் மட்ச், லொஸ் ஏஞ்சலஸில, அதிலயே கோல். நான் அந்தக் கோலை ஒருக்காத்தான் திரும்பப் பாத்தன், மூலையில அவன் பக் எடுத்த இடங்களை ராவு ரெண்டு மணி மட்டும் போட்டுப் போட்டுப் பாத்தனான்.

போன கிழமை அத்தான் போன் எடுத்தவர். சிலாயெவும் தன்ர ரெண்டாம் சுற்றுப் பிக்கும் தாறாராம், பரேக்கைக் குடு எண்டு. ஏலாது எண்டு சொல்லிட்டன். ஆனா என்ர ரெண்டாம் சுற்றுப் பிக்கை மட்டும் வாங்கிக்கொண்டு சிலாயெவைத் தாறதெண்டால் இப்பவே கை குடுக்கிறன் எண்டும் சொன்னனான். அதுக்கு அவர் இன்னும் பதில் சொல்லேல்ல.