செல்போன் இன்சூரன்ஸ்: டிஸ்ப்ளேவுக்கு மட்டும் போடுங்கள்

காந்திபுரமோ ஈரோடோ, புது போனுக்கு பில் போடும் நேரத்தில் "ரெண்டு வருசத்துக்குக் கவலையே வேண்டாமுங்ணா" என்று ஒரு பிளானை நீட்டுவார்கள். தவணையில் வாங்கினால் கேட்காமலே சேர்ந்துவிடுவதும் உண்டு. மாதம் நூறு ரூபாய் கூடினால் யார் பார்க்கப் போகிறார்கள்? பிளானுக்குத் தனி பில் கேளுங்கள்.

எந்தப் பிளான் என்பதையும் அந்த பில்லில் பாருங்கள். டிஸ்ப்ளே மட்டும், விழுவதும் நனைவதும், திருட்டு, கூடுதல் வாரண்டி என்று நாலு சரக்கு 'இன்சூரன்ஸ்' என்ற ஒரே பேரில் போகிறது. கூடுதல் வாரண்டி, போன் தானாகப் பழுதானால்தான். கீழே போட்டால் ஒரு பைசா வராது.

காசு கொடுக்கத் தகுந்தது டிஸ்ப்ளே பிளான்தான், அதுவும் போன் கம்பெனியே தருவதாக இருந்தால். அமோலெட் திரையில் கண்ணாடியும் பேனலும் ஒட்டியே வருவதால், மேலே விரிசல் விட்டாலும் சர்வீஸ் சென்டரில் இரண்டும் சேர்ந்த 'காம்போ'வை முழுசாக மாற்றுவார்கள். வெளிக்கடையின் மலிவு காம்போ பெரும்பாலும் எல்சிடி. அதில் திரைக்கடியில் உள்ள கைரேகை சென்சார் வேலை செய்யாது.

15,000 ரூபாய் போனுக்குப் பிளான் 1,500, ஒரிஜினல் காம்போ 4,000, க்ளெய்முக்குப் ஃபைல் சார்ஜ் 500 என்று வையுங்கள். உடைந்தால் மிச்சம் 2,000. உடையாவிட்டால் 1,500 போச்சு. அதாவது ஏழு பேரில் மூன்று பேருக்காவது உடைந்தால்தான் கட்டுபடியாகும். நல்ல கவரும் டெம்பர் கிளாஸும் போட்டவருக்கு இது வேண்டாத செலவு. காம்போவே பத்தாயிரத்தைத் தாண்டும் வளைந்த திரை, மடக்கு போன் என்றால் யோசிக்காமல் போடலாம்.

நனையும் பிளானில் ஒரு சிக்கல். க்ளெய்முக்குப் பழுதான போனை ஒப்படைக்க வேண்டும். மோட்டார் போடக் குனியும்போது சட்டைப்பையிலிருந்து தொட்டியில் விழுந்தால் எடுத்துக் கொடுத்துவிடலாம். கிணற்றுக்குள் போய்விட்டால் அது 'தொலைந்தது' கணக்கு, காசு வராது. திருப்பூர் கட்டிங் செக்‌ஷன்களில் பஞ்சு அடைத்துச் சார்ஜ் ஏறாமல் போவதைத் தேய்மானம் என்று தள்ளிவிடுவார்கள். (போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல எடுத்தாலே பல நேரம் சரியாகும்.)

திருட்டுப் பிளானுக்கு எங்கள் மதிப்பெண் மிகக் குறைவு. பாலிசி எஃப்ஐஆர் கேட்கும், ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் ரசீதோடு (புகார் வாங்கியதற்கான சீட்டு மட்டும்) அனுப்பிவிடுவார்கள். டவுன் பஸ் நெரிசலில் பாக்கெட்டிலிருந்து உருவினால், வன்முறையோ பூட்டு உடைப்போ இல்லை என்று மறுக்கும் பாலிசிகளும் உண்டு. புகார் நகலை வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) முடக்குவது இலவசம், அதைச் செய்யுங்கள்.

இருந்தும் பிளான் எடுப்பவர்கள், கடையை விட்டு இறங்குமுன் *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணும் பிளானில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். ஆக்டிவேஷன் மெசேஜ் உங்கள் நம்பருக்கே வர வேண்டும். பலரும் கோட்டை விடும் இடம் இன்னொன்று: வாரண்டியில் மதர்போர்டு மாற்றினால் ஐஎம்இஐ மாறும். சர்வீஸ் ரசீதைக் கொடுத்துப் புது எண்ணைப் பிளானில் ஏற்றாவிட்டால் பிறகு க்ளெய்ம் நிற்காது.

உடைந்தால் அன்றைக்கே போட்டோ எடுத்துத் தகவல் சொல்லுங்கள், பல பிளான்களில் 48 மணி நேரம்தான் கெடு. தெரிந்த கடையில் ஒரு தடவை திறந்து பார்த்தாலே க்ளெய்ம் போய்விடும். பேக்கப் எடுத்து, கூகுள் அக்கவுண்ட்டை நீக்கி, சிம்மைக் கழற்றிக் கொடுங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். தாளில் இன்சூரன்ஸ் கம்பெனி பேரும் பாலிசி எண்ணும் இருந்தால் முதலில் அந்தக் கம்பெனிக்குப் புகார், அடுத்து இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார் தளமான பீமா பரோசா (155255), ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). வெறும் 'புரொடெக்‌ஷன் பிளான்' என்றிருந்தால் அது சர்வீஸ் ஒப்பந்தமாகத்தான் இருக்கும். அதற்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம்.