அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள்: இலவச நாளா, ஆண்டு அட்டையா?

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் ஆண்டுக்குச் சில நாள்கள் நுழைவுக் கட்டணம் கிடையாது. அந்த நாள்களின் பட்டியலைப் பார்த்துப் பயணத் தேதியை முடிவு செய்யும் குடும்பங்களுக்காகவே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். கிராண்ட் கேன்யன், யோசமிட்டி, யெல்லோஸ்டோன், சயான் போன்ற பெரிய பூங்காக்களில் ஒரு காருக்கு 35 டாலர் வாங்குகிறார்கள். அந்தச் சீட்டு ஏழு நாள்களுக்குச் செல்லும். இலவச நாளில் மிச்சமாவது இந்தத் தொகை மட்டுமே. கூடாரம் அடிக்கும் இடத்தின் வாடகை, குகைச் சுற்றுலாவின் கட்டணம், முன்பதிவுக் கட்டணம் ஆகிய எதுவும் அன்றைக்குத் தள்ளுபடியாவதில்லை. மறுநாளும் உள்ளே போக வேண்டுமானால் முழுத்தொகையையும் கட்டியாக வேண்டும் என்பதால், ஒரே பூங்காவில் இரண்டு நாள் தங்குபவர்களுக்கு இலவச நாளால் ஒரு காசுகூட மிச்சமில்லை.

கூட்டமும் ஒரு செலவுதான். இலவச நாளொன்றில் புகழ்பெற்ற பூங்கா ஒன்றுக்குக் குடும்பத்துடன் போயிருந்தோம். நுழைவுச் சாவடிக்கு முன்பே கார்கள் வரிசை கட்டி நின்றன. காலை பத்து மணிக்குள் வாகன நிறுத்துமிடம் நிரம்பிவிட்டதால், சாலையோரப் புல்வெளியில் காரை விட்டுவிட்டு வெயிலில் நெடுந்தூரம் நடந்தோம். சாதாரண வாரநாளில் சாவடியில் இருக்கும் ரேஞ்சர் (பூங்காக் காவலர்) வரைபடத்தை விரித்து, எந்தப் பாதையில் பனி இறுகி வழுக்குகிறது, சிறுவர்களுடன் எதுவரை இறங்கலாம் என்று பேனாவால் வட்டமிட்டுக் காட்டுவார். அன்றைக்கு அவருக்குத் தலைநிமிரவும் நேரமில்லை. அந்த இரண்டு நிமிடப் பேச்சுக்காகவே 35 டாலர் கொடுக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

2026 ஜனவரி முதல் இன்னொரு பெரிய மாற்றமும் வந்திருக்கிறது. இலவச நாள்கள் இனி அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். முன்பு பட்டியலில் இருந்த மார்ட்டின் லூதர் கிங் நாளும் ஜூன் 19-ம் நீக்கப்பட்டு, ஜூன் 14, ஜூலை 3 முதல் 5 வரை எனப் புதிய தேதிகள் சேர்க்கப்பட்டுள்ளன. கறுப்பின மக்கள் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் ஜூன் 19-ஐ எடுத்துவிட்டது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. இதைவிட நேரடியாக நம்மைத் தொடுவது, கிராண்ட் கேன்யன், யோசமிட்டி உள்ளிட்ட 11 பூங்காக்களில், வெளிநாட்டிலிருந்து வரும் 16 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் விதிக்கப்பட்டுள்ள 100 டாலர் கூடுதல் கட்டணம். கட்டணம் வாங்கும் தேசியப் பூங்காக்களில் ஓராண்டுக்கு நுழைய உதவும் ஆண்டு அட்டையும் அவர்களுக்கு 250 டாலர். ஊரிலிருந்து பார்வையாளர் விசாவில் வரும் அப்பா அம்மாவை அழைத்துப்போக நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே கிளம்ப வேண்டும். வெளிநாட்டினரிடம் கூடுதலாக வாங்குவது உலகத்தில் இல்லாத வழக்கமல்ல. தாஜ்மகாலில் இந்தியருக்கு 50 ரூபாய், வெளிநாட்டவருக்கு 1,100 ரூபாய். ஆனாலும் தலைக்கு 100 டாலர் என்பது, மகனோ மகளோ வரி கட்டி வாழும் நாட்டைப் பார்க்க வரும் முதியவர்களுக்கு மிக அதிகம்.

கட்டணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2004-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, வசூலாகும் தொகையில் குறைந்தது 80 விழுக்காடு அந்தந்தப் பூங்காவிலேயே தங்குகிறது. சரிந்த நடைபாதையைச் சீரமைப்பதும் கழிப்பறைகளைப் பராமரிப்பதும் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன.

அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர் ஆண்டு அட்டையைத்தான் நான் மனதாரப் பரிந்துரைப்பேன். கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் கேன்யன் மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்தால் தனித்தனியாக 105 டாலர் ஆகும். அட்டை அந்த ஒரு பயணத்திலேயே ஈடுகட்டிவிடும். அட்டை வாங்கிய மாதத்திலிருந்து கணக்கிட்டு, அடுத்த ஆண்டு அதே மாதத்தின் கடைசி நாள்வரை செல்லும் என்பதால், மாதத் தொடக்கத்தில் வாங்கினால் ஏறக்குறைய பதின்மூன்று மாதங்கள் கிடைக்கும். நான்காம் வகுப்பில் படிக்கும் பிள்ளை இருந்தால் அதுவும் வேண்டாம். அந்தப் பிள்ளைக்குரிய இலவச அட்டை, உடன் வரும் குடும்பத்தையும் காரோடு உள்ளே விடும். 62 வயது நிறைந்த குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் அதே 80 டாலருக்கு வாழ்நாள் அட்டையே வாங்கலாம்.

அட்டை எல்லா இடத்திலும் உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். மிக அதிகமானோர் வரும் கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் நுழைவுக் கட்டணமே இல்லை. ஆனால் 2023 முதல், கால் மணிக்கு மேல் காரை நிறுத்தினால் நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15 டாலர் என நிறுத்தச் சீட்டு வாங்க வேண்டும். அங்கே ஆண்டு அட்டை செல்லாது. தேசியப் பூங்காச் சேவையின் கீழ் உள்ள 400-க்கும் மேற்பட்ட இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு எந்த நாளிலும் கட்டணம் இல்லை. ஒஹாயோவின் கயஹோகா பள்ளத்தாக்கு, வாஷிங்டன் மாநிலத்தின் நார்த் கேஸ்கேட்ஸ், தென் கரோலினாவின் காங்கரி ஆகிய மூன்றும் முழுமையான தேசியப் பூங்காக்கள்தாம். இலவச நாளுக்காகக் காத்திருப்பவர்கள் இவற்றில் ஒன்றுக்கு அடுத்த வாரமே போய்வரலாம்.

ஆண்டு அட்டையை இணையத்தில் வாங்குவதைவிட, கட்டணம் வாங்கும் சிறிய பூங்கா ஒன்றின் வாசலில் வாங்குங்கள். அந்த 80 டாலரின் பெரும்பகுதி விற்ற பூங்காவுக்கே போய்ச்சேரும்.