டூ-கே க்ளியர் என்று விற்கும் ஸ்ப்ரே கேன்: ஹட்டன் பக்கம் இருப்பவர்கள் கவனம்

காருக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிக்க க்ளியர் (கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு) கேன் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேனின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். டூ-கே என்றால் பூச்சும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரும் என்று இரண்டைக் கலந்து அடிப்பது. அந்தக் கேனில் ஹார்ட்னர் உள்ளே தனியாக இருக்கும். பெரும்பாலும் அடியில் உள்ள பொத்தானை அமுக்கினால்தான் அது கலக்கும். அப்படி எதுவும் இல்லாத கேனை, வெள்ளை லேபல் ஒட்டி, டூ-கே விலைக்கே எனக்கு விற்றார்கள்.

எங்களுடையது வெள்ளை டொயோட்டா விட்ஸ் கார். பெற்றோல் மூடிப் பக்கத்து மட்கார்டை ஒரு த்ரீவீல் உரசிவிட்டது. தெரிந்த டிங்கர் அண்ணன் பட்டி வைத்து ப்ரைமர் வரை முடித்துத் தந்தார். கலரில் கடையைக் குறை சொல்ல மாட்டேன். காரின் தகட்டில் இருந்த கலர் கோட் 070, பேர்ள் வெள்ளை. அடி வெள்ளைக்கு மேல் பேர்ள், அதற்கு மேல் க்ளியர். 040தான் வெறும் வெள்ளை. மாற்றாமல் சரியாகவே தந்தார்கள்.

அடித்து முடித்தபோது கண்ணாடி மாதிரிதான் இருந்தது. சில வாரம் கழித்து பெற்றோல் ஷெட்டில் மூடிக்குக் கீழே கொஞ்சம் வழிந்தது. பம்ப் பையன் துணியால் ஒரு இழுப்பு இழுத்தான். க்ளியர் பிசுபிசுவென்று துணியோடு வந்தது, பின்னாலேயே பேர்ளும். வீட்டில் மிச்சக் கேனின் லேபலை நனைத்து உரித்தால், அடியில் ஹார்ட்னர் இல்லாத சாதாரண அக்ரிலிக் க்ளியர் என்று இருந்தது!

கடைக்குப் போனேன். "தம்பி, நம்ம ஊர் பனிக்கு எந்தப் பெயின்டும் நிக்காது" என்றார் முதலாளி. ஈரக்காற்றில் அடித்தால் பால் மாதிரி வெளுக்கும், அது உண்மை. ஆனால் நன்றாக இறுகிய டூ-கே பெற்றோலில் இப்படிக் கரையாது. அப்புறம் கதையை மாற்றி, "ஹார்ட்னரை நாங்களே கலந்து அடைச்சது" என்றார். கலந்த டூ-கே ஒன்றிரண்டு நாளில் கேனுக்குள்ளேயே இறுகிவிடும். தூசி பிடித்து ராக்கையில் நின்ற கேனுக்கா இந்தக் கதை? காசு திரும்பவில்லை. பில்லில் "பெயின்ட் சாமான்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறைப்பாடு செய்திருக்கிறேன். உரித்த லேபலும் கேனும் கையில் இருக்கின்றன. நீங்கள் வாங்கினால் பில்லில் "டூ-கே க்ளியர்" என்றே எழுதி வாங்குங்கள். உண்மையான டூ-கே கிடைத்தால் சும்மா தூசி மாஸ்க்கோடு அடிக்காதீர்கள். அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் என்ற இரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும்.