மூன்று ஊசியில் வராதது இரண்டில் வந்தது: ஹெப்லிசாவ்-பி தடுப்பூசி

அமெரிக்காவில் ஒரு மருத்துவ ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, நாற்பத்தாறு வயதில், ஹெப்படைட்டிஸ் பி-க்கான பழைய வகைத் தடுப்பூசியை ஆறு மாத இடைவெளிக்குள் மூன்று முறை ஒழுங்காகப் போட்டுக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து இரத்தத்தைப் பார்த்தால் ஆன்டிபாடி அளவு 4. பாதுகாப்பு என்று கொள்ள 10 ஆவது வேண்டும். அதன்பின் மருத்துவர் எழுதிக்கொடுத்ததே ஹெப்லிசாவ்-பி. ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, அவ்வளவுதான்.

இரண்டிலும் உள்ள வைரஸ் புரதம் ஏறத்தாழ ஒன்றே. ஈஸ்ட்டில் வளர்த்து எடுப்பது. வேறுபாடு துணையூக்கியில், அதாவது நோயெதிர்ப்பைத் தூண்டிவிடச் சேர்க்கும் பொருளில், இருக்கிறது. பழையதில் அலுமினிய உப்பு. இதில் அலுமினியமே இல்லை. 20 மைக்ரோகிராம் புரதத்தோடு, 1018 எனப்படும் செயற்கை டி.என்.ஏ. துண்டு 3000 மைக்ரோகிராம் சேர்கிறது. இருபத்திரண்டே எழுத்து நீளமுள்ள அந்தத் துண்டுதான் இந்த மருந்தின் உயிர் என்பேன்.

பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில், அதன் நான்கு வேதி எழுத்துகளில் சி-யை அடுத்து ஜி வரும் இடங்கள் நிறைய உண்டு. நம்முடையதில் அவை குறைவு, இருப்பவற்றிலும் பெரும்பாலானவை மெத்தில் என்னும் சிறு வேதிக்குழுவை மூடியாகப் போட்டிருக்கும். மூடியில்லாத சி-ஜி கண்ணில் பட்டால் நோயெதிர்ப்பு செல்கள் கிருமி புகுந்துவிட்டதென விழித்துக்கொள்ளும் தன்மையை ஆர்தர் கிரீக் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1995-இல் விளக்கினர்; டி.எல்.ஆர்-9 என்னும் ஏற்பியால்தான் செல்கள் அதை உணர்கின்றன என்பது பின்னர் தெரிந்தது. 1018-இலும் மூடியில்லாத சி-ஜி உண்டு. ஆனால் சாதாரண டி.என்.ஏ.வை ஊசியில் ஏற்றினால் உடலின் நொதிகள் விரைவிலேயே நறுக்கிவிடும். ஆகவே துண்டின் எழுத்துகளைக் கோத்துப் பிடிக்கும் முதுகெலும்பின் ஒவ்வொரு பாஸ்பேட் இணைப்பிலும் ஓர் ஆக்சிஜனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கந்தகத்தை வைக்கிறார்கள். நொதியின் கத்தரி அங்கே எளிதில் ஏறாது. டி.என்.ஏ. என்றதும் மரபணுவில் கைவைக்கிறார்களோ என்று பதற வேண்டியதில்லை: இந்தத் துண்டு எந்தப் புரதத்துக்கும் குறிப்பு அல்ல, வெறும் அழைப்புமணி.

மணி நன்றாகவே அடிக்கிறது. 40 முதல் 70 வயதுக்காரர்களிடம் நடந்த சோதனையில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் பாதுகாப்பு அளவை எட்டினர்; பழையதில் 70 சதவீதம். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடையே வித்தியாசம் இன்னும் பெரிது, 90-க்கு 65. என் அறிக்கையில் இரண்டாம் ஊசிக்குப் பின் '1000-க்கு மேல்' என்று வந்தது. அந்த இயந்திரம் அதற்கு மேல் எண்ணுவதில்லை.

அமெரிக்க மருந்து நிர்வாகம் 2013-லும் 2016-லும் இதற்கு அனுமதி தராமல் திருப்பி அனுப்பி, 2017 நவம்பரில்தான் ஒப்புக்கொண்டது. பெரிய சோதனையொன்றில் இதைப் போட்டுக்கொண்ட சுமார் 5,600 பேரில் 14 பேருக்கும், பழையதைப் போட்டுக்கொண்ட சுமார் 2,800 பேரில் ஒருவருக்கும் மாரடைப்பு வந்திருந்தது. அனுமதிக்குப் பின் கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பில் நடந்த பெரிய கண்காணிப்பில் அந்த ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. அந்த முடிவைப் பார்த்த பிறகே நான் கையை நீட்டினேன்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் இதற்கு அனுமதி இல்லை, ஈஸ்ட் ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்களுக்கு ஆகாது, ஓர் ஊசியின் விலையும் பழையதைவிட அதிகம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த 1018 புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும்: 2022 மார்ச் முதல் 12 முதல் 14 வயதினருக்குப் போடப்பட்ட, ஹைதராபாத் பயலாஜிக்கல் ஈ நிறுவனத்தின் கோவிட் தடுப்பூசியான கோர்பிவேக்ஸில் அலுமினியத்தோடு இதே துண்டும் 750 மைக்ரோகிராம் இருந்தது.

எனக்கு ஊசி போட்ட மருந்தகத்தின் கணினியில் பழைய அட்டவணையே இருந்ததால், இரண்டாம் ஊசி முடிந்த அன்றும் மூன்றாவதற்கு ஒரு தேதியை அச்சிட்டுத் தந்தார்கள். பெட்டியில் இருந்த தாளை விரித்துக் காட்டிய பிறகே அதைப் பேனாவால் அடித்தார்கள். போட்டுக்கொள்பவர்கள் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.